கெட்டியா குடுங்கன்னு சொல்றாங்க, எவ்வளவு கெட்டியா?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு வீட்டுக்கு வந்தப்ப, டிஸ்சார்ஜ் சீட்டுல மருந்து லிஸ்டுக்குக் கீழ ஒரே ஒரு வரி இருந்துச்சு, தண்ணி ஆகாரம் எல்லாத்தையும் கெட்டியா குடுக்கவும்னு. அவ்வளவுதான். எவ்வளவு கெட்டியா, எத போட்டு கெட்டியாக்குறது, எத்தன நாளைக்கு, மாத்திரைய எதுல குடுக்குறது, ஒன்னும் இல்ல. அன்னிக்கு ராத்திரி அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாங்க, கெட்டியா இருக்கணும்னு பயந்து பயந்து மாவ கூட்டிக்கிட்டே போனதுல அது களி மாதிரி ஆயிடுச்சு, அப்பா தொண்டையில போய் அப்படியே ஒட்டிக்கிட்டு கீழ இறங்கல, அத இறக்குறதுக்குன்னு நாங்களே ஒரு டம்ளர் தண்ணிய குடுத்தோம், புரை ஏறி கண்ணு ரெண்டும் செவந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டார். ரெண்டு தப்பு அஞ்சு நிமிஷத்துல. அதுக்கப்புறம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்ட போய் உக்காந்து கேட்டதும், நானா தேடிப் படிச்சதும்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இந்த ஒரு வரி எழுதின சீட்டோட வீட்டுக்கு வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

மொதல்ல ஏன் தண்ணிதான் பிரச்சனை, இட்லிய கூட முழுங்குற மனுஷனுக்கு தண்ணி எப்படி ஆபத்தாகும்னு புரிஞ்சுக்கணும், எனக்கு அதுதான் ரொம்ப நாள் புரியல. தொண்டையில மூச்சுக்குழல் முன்னாடி இருக்கு, உணவுக்குழல் பின்னாடி இருக்கு, ரெண்டுக்கும் வழி ஒன்னுதான். வாயில இருக்கிறத நாக்கு பின்னாடி தள்ளுற வரைக்கும் நம்ம இஷ்டம், அதுக்கப்புறம் எல்லாம் தானா நடக்குது. சுமாரா ஒரு செகண்ட்தான், அதுக்குள்ள மூச்சு நிக்குது, குரல்வளை மேல ஏறி முன்பக்கமா வருது, குரல் நாண் ரெண்டும் ஒட்டி மூடிக்குது, அதுக்கு மேல ஒரு குருத்தெலும்பு மூடி மடங்கி விழுது, பின்னாடி உணவுக்குழல் வாசல் திறக்குது. கண்ணாடி முன்னாடி நின்னு எச்சில் முழுங்கிப் பாருங்க, தொண்டைல அந்த மேடு ஏறி இறங்குறது தெரியும். அஞ்சு ஜோடி மூளை நரம்பு சேந்து பண்ற வேலை இது. ஸ்ட்ரோக்ல மூளைல அடிபட்டா இந்த வேலைல ஒரு அரை செகண்ட் தாமதம் வந்தாலும் போதும், தண்ணி காத்திருக்காது, நாக்கு சரியா பிடிச்சு வைக்கலன்னா வாயிலேர்ந்து வழிஞ்சு பின்னாடி போய் மூச்சுக்குழல் வாசல் திறந்து கிடக்கும்போதே உள்ள இறங்கிடும். இட்லி மெதுவா உருண்டு போகும், அது போய் சேர்றதுக்குள்ள கதவு மூடிடும். கெட்டியாக்குறதோட மொத்த லாஜிக்கும் இவ்வளவுதான், தண்ணியோட வேகத்தக் குறைச்சு உடம்புக்கு ஒரு கொஞ்ச நேரம் வாங்கிக் குடுக்குறது. தொண்டைய அது குணப்படுத்தாது. இத ஞாபகம் வச்சுக்கிட்டா மீதி எல்லாம் புரியும்.

ஸ்ட்ரோக் வந்த முதல் சில நாள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு விழுங்குறதுல ஏதாவது ஒரு சிக்கல் இருக்குமாம். பார்க்கின்சன், டிமென்ஷியா, வாய் தொண்டைப் பக்கம் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்தவங்க, தலைல அடிபட்டவங்க, இவங்களுக்கும் வரும்.

நம்ம ஊர்ல புரை ஏறினா தலைல தட்டி யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லிட்டு விட்டுடுவோம். நல்ல உடம்புக்காரங்களுக்கு அது சரி, இருமல் வந்து வெளிய தள்ளிடும், இருமல்ங்கிறது காவல்காரன். ஆனா விழுங்குறதுல கோளாறு இருக்கிறவங்கள்ல ஒரு பகுதிப் பேருக்கு அந்த இருமலே வராது, தொண்டைல உணர்ச்சி மரத்துப் போயிருக்கும், தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகும், முகத்துல ஒரு மாற்றமும் இருக்காது, நாம பக்கத்துல உக்காந்து பாத்து அழகா குடிக்கிறார்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்போம். ரெண்டு மூணு நாள் கழிச்சு காய்ச்சல் வரும், சளி கட்டும், நிமோனியான்னு அட்மிட் பண்ணுவாங்க. அதனால இருமல மட்டும் பாத்தா போதாது, குடிச்சப்புறம் குரல் தண்ணிக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கொழகொழன்னு மாறுதா, மூச்சு வேகமாகுதா, சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆகுதா, சோறு கன்னத்துக்குள்ள தங்குதா, எடை குறையுதா, திரும்பத் திரும்ப நெஞ்சு சளி வருதா, இதெல்லாம் பாக்கணும். நிச்சயமா தெரியணும்னா ரெண்டு டெஸ்ட்தான் இருக்கு, பேரியம் கலந்த தண்ணி, கஞ்சி, பிஸ்கட்னு ஒவ்வொன்னா குடுத்து எக்ஸ்ரே வீடியோவா எடுக்குறது ஒன்னு, மூக்கு வழியா மெல்லிசா ஒரு கேமரா ட்யூப் விட்டு தொண்டைய மேலேர்ந்து பாத்துக்கிட்டே குடிக்கச் சொல்றது இன்னொன்னு. இந்த வேலைய பண்றவங்க ஸ்பீச் தெரபிஸ்ட்ங்க, சில ஆஸ்பத்திரில இஎன்டி டாக்டரும் கூட இருப்பாங்க. பேச்சு வராத குழந்தைங்களுக்கு மட்டும்தான் ஸ்பீச் தெரபிஸ்ட்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம், விழுங்குறதும் அவங்க படிப்புதான்னு அப்பாவுக்கு வந்தப்புறம்தான் தெரியும்.

இங்க ஒரு விஷயம் நமக்குன்னே சொல்லணும். எச்சில் பண்ணக் கூடாதுன்னு டம்ளர உதட்டுல வைக்காம அண்ணாந்து ஊத்திக் குடிக்கிற பழக்கம். நம்ம வீட்டுப் பெரியவங்க அறுபது எழுபது வருஷமா அப்படித்தான் குடிச்சிருக்காங்க. விழுங்குறதுல சிக்கல் இருக்கிறவங்களுக்கு இத விட மோசமான ஒன்னு இல்ல, தலை பின்னாடி சாயும்போது மூச்சுக்குழல் வாசல் இன்னும் அகலமா திறக்குது, தண்ணி நாக்குல நிக்காம நேரா தொண்டையில விழுது. படுக்க வச்சு சங்குலயோ பாலாடையிலயோ வாய்க்குள்ள ஊத்துறதும் அதேதான். நிமிந்து உக்காரணும், டம்ளர் உதட்டுல படணும், ஒரு வாய் ஒரு முழுங்கு. சிலருக்கு தாடைய நெஞ்சுப் பக்கமா லேசா இறக்கி முழுங்கச் சொல்வாங்க, அது எல்லாருக்கும் ஒத்து வராது, டெஸ்ட்ல பாத்துட்டுதான் சொல்வாங்க. எங்க அப்பாவுக்கு இந்த அண்ணாந்து குடிக்கிறத நிறுத்துறதுதான் தண்ணிய கெட்டியாக்குற பவுடரவிட கஷ்டமா இருந்துச்சு, கை தானா டம்ளர மேல தூக்கிடும்.

சரி, எவ்வளவு கெட்டி. பாகு காய்ச்சுற வீட்டுல பொறந்தவங்களுக்கு இத சொல்லிப் புரிய வைக்க வேணாம், அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை மிட்டாய்க்கு ஒரு பதம், கொஞ்சம் மாறினா மொத்தமும் போச்சு. தண்ணிக்கும் அப்படித்தான் பதம் இருக்கு. அமெரிக்காவுல 2002ல ஒரு வரைமுறை கொண்டு வந்தாங்க, நெக்டார் (கெட்டிப் பழச்சாறு), தேன், புட்டிங்னு மூணு பேரு, ஒவ்வொன்னுக்கும் பிசுபிசுப்புக்கு எண்ணும் போட்டாங்க, ஆனா அந்த எண்ண அளக்க லேப் மெஷின் வேணும், அடுப்படில யாரும் அளக்க முடியாது, அதனால ஒருத்தர் போடுற தேன் பதம் இன்னொருத்தருக்கு நெக்டாரா இருக்கும். ஆஸ்திரேலியாவுல வேற பேரு, இங்கிலாந்துல வேற பேரு, ஜப்பான்ல வேற. இத ஒன்னாக்கணும்னு பல நாட்டு ஆளுங்க சேந்து ஐடிடிஎஸ்ஐன்னு ஒரு அமைப்பு வச்சு, 2015ல 0லேர்ந்து 7 வரைக்கும் எட்டு நிலை போட்டாங்க, அதுல 0லேர்ந்து 4 வரைக்கும் குடிக்கிறதுக்கு. 0ன்னா சாதாத் தண்ணி, 4ன்னா ஸ்பூன்ல எடுத்துதான் குடுக்கணும், ஸ்ட்ராவுல வராது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க கண்டுபிடிச்ச டெஸ்ட்தான், மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற 10 மில்லி சிரிஞ்ச் போதும். ஊசி வேணாம், உள்ள இருக்கிற தள்ளுற தண்ட உருவிடணும், கீழ ஓட்டைய விரலால மூடிக்கிட்டு 10 கோடு வரைக்கும் நீங்க கலக்கினத ஊத்தணும், விரல எடுத்துட்டு சரியா 10 செகண்ட் எண்ணி திரும்ப மூடணும், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கணும். 1 மில்லிக்கும் கம்மியா இருந்தா அது சாதாத் தண்ணிதான். 1லேர்ந்து 4 வரைக்கும் மிச்சம்னா முதல் நிலை, 4லேர்ந்து 8 வரைக்கும் ரெண்டாவது, 8க்கு மேல நின்னாலும் கொஞ்சமாவது இறங்குதுன்னா மூணாவது. ஒரு சொட்டும் இறங்கலன்னா நாலாவது, அத முள்கரண்டிலயும் ஸ்பூன்லயும் பாக்கணும், முள்கரண்டி மேல குமிச்சு நிக்கணும், இடுக்கு வழியா தொடர்ந்து ஒழுகக் கூடாது, ஸ்பூன சாய்ச்சா ஒரே கட்டியா விழணும், ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை, எல்லா 10 மில்லி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்ல, 0 கோட்டுலேர்ந்து 10 கோடு வரைக்கும் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதுதான் இந்த டெஸ்டுக்கு, ஸ்கேல் வச்சு ஒரு தடவ அளந்துடுங்க. நாங்க சமையலறைல ஒரு சிரிஞ்ச தனியா கழுவி கவுத்து வச்சிருந்தோம், அம்மா ஒரு வாரத்துல எங்கள விட நல்லா பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, இது இன்னும் ரெண்டுக்கு வரலடான்னு சொல்வாங்க. களி மாதிரி அந்த மொத நாள் கூழ நினைச்சா, அப்பாவுக்கு எழுதியிருக்க வேண்டியது வெறும் ரெண்டாவது நிலைதான், அத அந்தச் சீட்டுல ஒரே ஒரு எண்ணா போட்டிருந்தா போதும்.

எத போட்டு கெட்டியாக்குறதுங்கிறதுலதான் நம்ம வீடுகள்ல குழப்பம். நமக்கு கஞ்சி தெரியும், அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, சத்துமாவு. இதெல்லாம் மாவுச்சத்து. சோத்த ரொம்ப நேரம் மென்னா இனிக்கும் பாருங்க, எச்சில்ல இருக்கிற அமைலேஸ்ங்கிற ஒன்னு மாவுச்சத்த உடைச்சு சர்க்கரையாக்குது, அதே வேலைய அது கஞ்சிலயும் பண்ணும். வாய்க்குள்ள மெதுவா வச்சிருந்து முழுங்குறவங்களுக்கு கஞ்சி வாயிலயே நீத்துப் போக ஆரம்பிக்கும், அத விட முக்கியம், ஊட்டின ஸ்பூன திரும்பக் கிண்ணத்துல விட்டு எடுத்துக்கிட்டே இருந்தா எச்சில் கலந்து கடைசில கிண்ணமே தண்ணியாயிடும், ஆரம்பத்துல நல்லா குடிச்சவர் கடைசி நாலு ஸ்பூனுக்கு இருமுவார், ஏன்னு புரியாது. அதோட மாவுக் கஞ்சி ஆற ஆற இறுகும், சூட்டுல பாத்த பதம் பத்து நிமிஷத்துல இருக்காது. கடைல விக்கிற பழைய வகைப் பவுடர்களும் மாவுச்சத்துதான், சோள மாவ கொஞ்சம் மாத்தி செய்றது, அதுக்கும் இதே குணம் இருக்கு.

இன்னொரு வகை சாந்தன் கம். இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு, அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல பியோரியாங்கிற ஊர்ல விவசாயத் துறையோட லேப்ல அலீன் ஜீன்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க குழுவும் கண்டுபிடிச்சது, முட்டைகோஸ்ல கறுப்பழுகல் நோய் உண்டாக்குற ஒரு பாக்டீரியாவுக்கு சர்க்கரை போட்டா அது ஒரு கோந்து மாதிரி விடும், அதுதான் சாந்தன். 1969ல அமெரிக்காவுல சாப்பாட்டுல சேக்க அனுமதி கெடைச்சுது, இன்னிக்கு சாஸ், ஐஸ்கிரீம், பாட்டில்ல வர்ற சாலட் டிரெஸ்ஸிங் எல்லாத்துலயும் இருக்கு. எச்சில் இத உடைக்காது, ஒரு தடவ பதம் வந்துட்டா ரொம்ப நேரம் அப்படியே நிக்கும், தண்ணி தெளிவாவும் இருக்கும், மாவு வாடை வராது. இன்னொன்னும் உண்டு, டம்ளர்ல சும்மா நிக்கும்போது கெட்டியா இருக்கும், நாக்கு தள்ளும்போது கொஞ்சம் இளகிக் குடுக்கும், அதனால விழுங்குறதுக்கு சுலபம். ஆனா கேக் செய்ய விக்கிற சாந்தன் பவுடர வாங்கி கண்ணளவுல போடாதீங்க, அது கட்டி கட்டியா போகும், அளவு பிடிபடாது, இதுக்குன்னு செஞ்ச பவுடர் டப்பால எத்தன ஸ்பூன் எந்த நிலைன்னு போட்டிருக்கும், அந்த ஸ்பூன்தான் வச்சுக்கணும். டப்பா மாறினா அளவும் மாறும். பால்ல பதம் வர தண்ணிய விட ரொம்ப நேரம் எடுக்கும், வரலையேன்னு மேல மேல பவுடர் போட்டுட்டா அஞ்சு நிமிஷம் கழிச்சு சிமெண்ட் மாதிரி நிக்கும். கலக்கி, காத்திருந்து, சிரிஞ்ச்ல பாத்துட்டு அப்புறம் குடுங்க.

கெட்டியா தெரியுறதெல்லாம் கெட்டி இல்ல, இத நாங்க பட்டுத்தான் கத்துக்கிட்டோம். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கைல கெட்டி, வாய்ச் சூட்டுல தண்ணி. நுங்கும் தர்பூசணியும் கடிச்ச உடனே உள்ள இருக்கிற தண்ணிய விடும். ரசம் சாதம், நீராகாரத்தோட பழைய சோறு, சாம்பார் ஊத்தி ஊறின இட்லி, இதெல்லாம் ஒரே வாயில தண்ணியும் கட்டியும் சேந்து வர்றது, நாக்கு சோத்த பிடிச்சு மெல்லுறதுக்குள்ள தண்ணி பின்னாடி ஓடிடும், கோளாறு உள்ளவங்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். அப்பாவுக்கு ரசம் இல்லாம இறங்காது, அதனால அம்மா ரசத்த வடிகட்டி அதுலயே பவுடர் கலக்கி ரெண்டாவது பதத்துக்குக் கொண்டு வந்து தனியா குடுத்தாங்க, மிளகு வாசம் இருந்துச்சு, அவருக்கு அது போதுமா இருந்துச்சு. சப்ஜா விதை ஊறினா கொழகொழன்னு இருக்கேன்னு யாரோ சொன்னாங்க, அது தண்ணிக்குள்ள மிதக்குற விதை, அது வேற ஆபத்து.

பவுடர்லயே சில ஆபத்து இருக்கு, சொல்லியே ஆகணும். டப்பாவ நோயாளி கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. இங்கிலாந்துல ஒரு முதியோர் இல்லத்துல ஒருத்தர் பவுடர அப்படியே எடுத்து வாயில போட்டு அது தொண்டைல ஊறி அடைச்சு இறந்துட்டார், அதுக்கப்புறம் 2015 பிப்ரவரில அவங்க அரசு மருத்துவத் துறை நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்புச்சு. டிமென்ஷியா இருக்கிறவங்க இருக்கிற வீட்டுல பூட்டி வைக்கிறதுதான் சரி. மலச்சிக்கலுக்குக் குடுக்குற பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர மாவுச்சத்து வகைல கலந்தா கெட்டி உடைஞ்சு தண்ணியாயிடும், இதுக்கும் 2021ல இங்கிலாந்து மருந்துத் துறை எச்சரிக்கை விட்டிருக்கு, ரெண்டுமே ஒரே நோயாளிக்கு எழுதுற மருந்துங்கிறதால கண்டிப்பா கேளுங்க. மாத்திரைய பொடிச்சு கெட்டித் தண்ணில கலந்து குடுத்தா மருந்து கரையுறது மெதுவாகும், அதோட சில மாத்திரைய பொடிக்கவே கூடாது, நீண்ட நேரத்துக்கு வேலை செய்றதெல்லாம் அப்படி, பார்மசிஸ்ட்ட பட்டியலக் காட்டிக் கேட்டுடணும். குழந்தைங்களுக்கு இதே பவுடர நாமளா போடவே கூடாது, 2011ல அமெரிக்க உணவு மருந்துத் துறையான எஃப்டிஏ ஒரு சாந்தன் தயாரிப்ப குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொன்னது, குடல் அழுகிப்போற நோய் வந்த குழந்தைங்கள பாத்துட்டுதான்.

இப்ப முக்கியமான கேள்வி, இது வேலை செய்யுதா. எக்ஸ்ரே வீடியோவுல பாத்தா செய்யுது. பார்க்கின்சனோ டிமென்ஷியாவோ இருந்து சாதாத் தண்ணில புரை ஏறுற 711 பேர வச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2008ல வெளியாச்சு, விழுங்கு சிகிச்சைத் துறைய வளத்த ஜெரி லோகமன்தான் அத நடத்தினவங்க. சாதாத் தண்ணிய தாடைய இறக்கி முழுங்கினப்ப 68 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழலுக்குள்ள போச்சு, நெக்டார் பதத்துல 63, தேன் பதத்துல 53. கெட்டியாக ஆக உள்ள போறது குறையுது, ஆனா தேன் பதத்துலயும் பாதிப் பேருக்கு மேல உள்ள போகுது, அதையும் கவனிங்க. அதே வருஷம் அதே ஆய்வோட அடுத்த பகுதி, 515 பேர மூணு மாசம் பின்தொடர்ந்தாங்க, நிமோனியா வந்தது தாடைய இறக்கினவங்கள்ல 9.8 சதவீதம், கெட்டியா குடிச்சவங்கள்ல 11.6 சதவீதம், சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆனா உடம்புல தண்ணி வத்துறது, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் மூணையும் சேத்துப் பாத்தா கெட்டியா குடிச்சவங்கள்ல 9 சதவீதம், மத்தவங்கள்ல 5. இத மொதல்ல படிச்சப்ப எனக்கு தூக்கிப் போட்டுச்சு, இத்தன நாள் அப்பாவ தாகத்துல வச்சிருந்தோமேன்னு. 2024ல ஆஸ்பத்திரில இருந்த 8,916 டிமென்ஷியா நோயாளிகளோட பதிவுகள பாத்த இன்னொரு ஆய்வும் வந்துச்சு, ஆஸ்பத்திரில சாவு குறையல, மூச்சுக் குழாய் போட வேண்டி வந்தது கெட்டியா குடிச்சவங்கள்ல குறைவு, ஆனா மூச்சு சம்பந்தப்பட்ட சிக்கல் அதிகம். பதிவுகள வச்சுப் பாத்த ஆய்வுங்கிறதால இதுதான் முடிவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனாலும் எல்லாருக்கும் கண்ண மூடிக்கிட்டு எழுதுற விஷயம் இல்லன்னு தெளிவா தெரியுது.

ஏன் இப்படின்னா, ரொம்பக் கெட்டியா இருந்தா தொண்டைச் சதை பலவீனமானவங்களுக்கு முழுசா கீழ தள்ள முடியாது, பள்ளத்துல மிச்சம் தங்கி அப்புறமா மூச்சோட உள்ள போகும். போனா, தண்ணிய நுரையீரல் உறிஞ்சிக்கிற மாதிரி இத உறிஞ்சிக்காது. அடுத்தது தாகம். கெட்டித் தண்ணில இருக்கிற தண்ணி உடம்புல சேராம போறதில்ல, அது சேந்துடுது, பிரச்சனை என்னன்னா யாரும் அத குடிக்க விரும்புறதில்ல, வாயெல்லாம் வழவழன்னு இருக்கு, வயிறு நிறைஞ்ச மாதிரி ஆகுது, தாகம் மட்டும் அடங்கல. நான் ஒரு நாள் முழுக்க அப்பா குடிச்சதையே குடிச்சுப் பாத்தேன், சாயங்காலம் நாலு மணிக்கு மேல முடியல. அப்பா ஒரு நாளைக்கு ஒன்னரை டம்ளர்ல வந்து நின்னுட்டார், நாக்கு வெடிச்சு, சிறுநீர் மஞ்சளா போச்சு, கொஞ்சம் குழப்பமா பேச ஆரம்பிச்சார், நாங்க மறுபடியும் ஸ்ட்ரோக்கோன்னு பயந்தோம், பாத்தா தண்ணி வத்திப் போனதுதான். எவ்வளவு கெட்டின்னு பாக்குறதோட எவ்வளவு குடிச்சாங்கன்னும் ஒரு நோட்டுல எழுதுங்க. ருசியான எதுலயாவது கலக்குங்க, வெறும் தண்ணிய விட மோர், இளநீர், ஏலக்காய் போட்ட பால், காபி இதெல்லாம் கொஞ்சம் உள்ள போகும். ஜப்பான்ல ஆஸ்பத்திரிகள்ல காபி மெஷின்லயே கெட்டி அளவு தேர்ந்தெடுக்கிற பட்டன் வச்சிருக்காங்க, டீயோ காபியோ வரும்போதே பதத்தோட வரும், அவங்க இத எவ்வளவு சாதாரண விஷயமா ஆக்கிட்டாங்கன்னு பாத்தப்ப பொறாமையா இருந்துச்சு.

நிமோனியா வர்றதுக்கு உள்ள போறது மட்டும் காரணம் இல்ல, என்னத்த தூக்கிட்டுப் போகுதுங்கிறதும் காரணம். 1998ல சூசன் லாங்மோர் குழு பண்ண ஆய்வு இந்தத் துறைல எல்லாரும் சொல்றது, யாருக்கு நிமோனியா வருதுன்னு தேடினப்ப முன்னாடி வந்து நின்னது அடுத்தவங்க ஊட்டிவிட வேண்டிய நிலைமை, அடுத்தவங்க பல்லு தேச்சுவிட வேண்டிய நிலைமை, சொத்தைப் பல்லு, ட்யூப் வழி சாப்பாடு, நிறைய மருந்து, சிகரெட் இப்படி. வாய்ல அழுக்கு இருந்தா எச்சிலோட அந்தக் கிருமி உள்ள போகுது, எச்சில யாரும் கெட்டியாக்க முடியாதே. 1999ல ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பல்லு தேச்சுவிட்டுப் பாத்தாங்க, ரெண்டு வருஷத்துல நிமோனியா வந்தது அப்படித் தேச்சுவிடாதவங்கள்ல 19 சதவீதம், தேச்சுவிட்டவங்கள்ல 11 சதவீதம். ஒரு பிரஷ், ரெண்டு ரூபாய் பஞ்சு, அஞ்சு நிமிஷம். பல் செட் இருந்தா ராத்திரி கழட்டிக் கழுவி வைங்க. எங்களுக்கு இத ஆஸ்பத்திரில யாரும் சொல்லல, எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இதுதான்.

வாய் சுத்தமா இருந்தா சாதாத் தண்ணிக்கே ஒரு வழி இருக்கு. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல லூயிவில்ல ஃப்ரேசியர்ங்கிற மறுவாழ்வு மையத்துல 1984லேர்ந்து ஒரு முறை வச்சிருக்காங்க, சாப்பாட்டோட கெட்டித் தண்ணிதான், ஆனா சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு, வாய நல்லா கழுவி, நிமிந்து உக்காந்து, வெறும் தண்ணி மட்டும் குடிக்கலாம், பால் காபி ஜூஸ் கிடையாது. சுத்தமான தண்ணி கொஞ்சம் உள்ள போனாலும் நுரையீரல் உறிஞ்சிக்கும்ங்கிறதுதான் அடிப்படை. குடிச்சா மூச்சுத் திணறுறவங்களுக்கு, நெஞ்சு ஏற்கனவே மோசமா இருக்கிறவங்களுக்கு, நிமிந்து உக்கார முடியாதவங்களுக்கு இது ஆகாது, தெரபிஸ்ட் பாத்து சரின்னு சொன்னாத்தான். எங்க தெரபிஸ்ட் அப்பாவுக்கு மூணாவது வாரம் சரின்னாங்க. காலைல பத்தரைக்கு பல்லு தேச்சுட்டு நிமிந்து உக்காந்து பானைத் தண்ணி நாலு வாய். அந்த நாலு வாய்க்காக மனுஷன் காலைலேர்ந்து கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருப்பார்.

ஆறாவது வாரம் கேமரா டெஸ்ட் திரும்பப் பண்ணினாங்க, பவுடர் வேணாம், மெதுவா சின்னச் சின்ன வாயா குடிக்கட்டும்னுட்டாங்க. ஸ்ட்ரோக்ல நிறைய பேருக்கு முதல் சில வாரத்துலயே விழுங்குறது நல்லா தேறிடும், ஆனா கெட்டியா குடுக்கவும்னு எழுதின சீட்டு தானா மாறாது, யாரும் திரும்பப் பாக்காம ஒரு வருஷமா பவுடர் குடிச்சுக்கிட்டு இருந்தவர நான் அந்த தெரபி ரூம் வாசல்லயே பாத்தேன். ஆரம்பிக்கும்போதே அடுத்த டெஸ்ட் என்னிக்குன்னு தேதிய வாங்கிடுங்க.

பார்க்கின்சன், டிமென்ஷியா கதை வேற, அங்க தேறுறது இல்ல, போகப் போக இறங்கும். மூக்குல ட்யூப் போட்டுட்டா பிரச்சனை தீந்துடும்னு நினைக்கிறோம், ஆனா முத்தின டிமென்ஷியாவுக்கு ட்யூப் வேணாம், கையால பொறுமையா ஊட்டுறதுதான் நல்லதுன்னு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே சொல்லியிருக்கு, ட்யூப் நிமோனியாவ தடுக்குறதில்ல. எங்க பெரியம்மாவுக்கு போன வருஷம் அந்த நிலைமை வந்துச்சு. ரெண்டாவது பதத்துல எது குடுத்தாலும் வாய மூடிக்கிட்டாங்க, தலைய திருப்பிக்கிட்டாங்க. பிள்ளைங்க எல்லாரும் உக்காந்து டாக்டர்ட பேசினோம், கொஞ்சம் உள்ள போகும், காய்ச்சல் வரலாம்னு அவங்க மறைக்காம சொன்னாங்க, பெரியம்மாவுக்கு இனிமே எது சந்தோஷமோ அதுன்னு முடிவெடுத்தோம். காலைல வாய துடைச்சுவிட்டு, தலையணை வச்சு நிமித்தி உக்கார வச்சு, ஆறின ஃபில்டர் காபி, கெட்டியாக்காதது, சின்ன ஸ்பூன்ல ரெண்டு மூணு. சிலநாள் ஒரு ஸ்பூனோட போதும்னுடுவாங்க. இந்தத் தடவ டாக்டர் சீட்டுல முழுசா எழுதிக் குடுத்தாங்க, என்ன குடுக்கலாம், எப்படி உக்கார வைக்கணும், எப்ப நிறுத்தணும், இது குடும்பத்தோட பேசி எடுத்த முடிவுன்னு, பாத்துக்க வர்ற அடுத்த நர்ஸ் பயந்துக்கிட்டு காபிய நிறுத்திடக் கூடாதுன்னு.